திட்டமும் சட்டமும்: அரசுப் பள்ளிக் கணிதக் கற்பித்தலுக்கான நிதியும் திருவண்ணாமலைச் சூழலும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கணிதம் கற்பிக்கும் முறையைப் புதுப்பிக்கக் கடந்த இருபதாண்டுகளில் எடுக்கப்பட்ட முயற்சிகள் பலவும் அரசாணை வழியாகவோ திட்ட இயக்குநரின் சுற்றறிக்கை வழியாகவோ வந்தவை; சட்டமன்றம் இயற்றிய சட்டமொன்றின் கீழ், தனக்கென ஒதுக்கப்பட்ட நிதியோடு வந்ததாகச் சொல்லத்தக்கது அவற்றுள் ஒன்றும் இல்லை. அரசாணை என்பது நிருவாகத்தின் முடிவு. பிறப்பித்தவரே அதைத் திரும்பப் பெறலாம், அடுத்து வருபவர் அதைக் கண்டுகொள்ளாமலும் விட்டுவிடலாம். சட்டத்தை அப்படி விட்டுவிட முடியாது. கணிதக் கற்பித்தலில் புதுமை வேர்கொள்ளாமல் போவதற்கு ஆசிரியர்களின் ஆர்வக்குறைவைக் காரணமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அந்தப் புதுமைக்குரிய பணம் எந்த வடிவில், எவ்வளவு காலத்துக்கு உறுதியளிக்கப்படுகிறது என்பதே முதன்மையான காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷி வேலியில் உருவான முறையைத் தழுவி, மாநகராட்சியின் 13 தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பாடநூலைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை வைத்து, ‘ஏணி’ எனப்பட்ட வரைபடத்தில் தான் நிற்கும் இடத்தைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும் முறை அது. சுவரோடு தாழ்வாக அமைந்த கரும்பலகைகள் பிள்ளைகளுக்கு உரியவையாயின. கம்பிப் பந்தலில் அவர்களுடைய படைப்புகள் தொங்கின. அவரே பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக வந்தபோது, 2007–08இல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஓர் அலுவலரின் இடமாற்றத்தோடு ஒரு கற்பித்தல் முறையும் சேர்ந்தே பயணம் செய்தது என்பது பாராட்டுக்குரியதுபோலவே கவலைக்கும் உரியது. 2012–13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபின், எந்தச் சட்டத் திருத்தமும் விவாதமும் தேவைப்படாமலே அட்டைகள் மெல்லப் பின்னுக்குப் போயின.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது பொதுப் பாடத்திட்டமான சமச்சீர் கல்வி. 2010இல் அது சட்டமாகவே இயற்றப்பட்டிருந்ததால், 2011இல் ஆட்சி மாறியபோது புதிய அரசு அதை நிறுத்திவைக்கத் திருத்தச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று; அந்தத் திருத்தத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது; உச்சநீதிமன்றம் 2011 ஆகஸ்டு 9 அன்று அத்தீர்ப்பை உறுதிசெய்து, பாடத்திட்டத்தை நடைமுறைப்படுத்தப் பணித்தது. சமச்சீர் பாடநூல்களின் தரம் பற்றி எவ்வளவோ குறை சொல்லலாம். ஆயினும் அதை அகற்ற விரும்பியவர்கள் வெளிப்படையாகக் காரணம் சொல்ல நேர்ந்தது என்பதும், செயல்வழிக் கற்றலுக்கு அந்த வாய்ப்புக்கூடக் கிட்டவில்லை என்பதும் கருதத்தக்கன.

2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிற்கும் இடத்திலிருந்தே எண்ணறிவை வளர்க்க முயல்கிறது. கருத்தளவில் செயல்வழிக் கற்றலின் தொடர்ச்சி என்றே இதைச் சொல்லலாம். ஆனால் வகுப்பறைக்கு வெளியே ஆசிரியருக்குத் துணைநிற்கும் ஏற்பாடுகள் பெரிதும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தைச் சார்ந்தவை. அதில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு. பிரதமர் ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி, 2024–25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படாமல் நின்றதும், 2025 மே மாதம் மாநில அரசு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்ததும் அனைவரும் அறிந்தவை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கழித்தல் கணக்குக்கும் இரு அரசுகளின் கொள்கைப் பூசலுக்கும் நேரடித் தொடர்பு ஏற்பட்டுவிட்ட நிலை இது.

அந்தக் கழித்தல் கணக்கையே சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். இது கவனக்குறைவன்று, ‘பெரியதிலிருந்துதான் சிறியது போகும்’ என்று தாங்களே வகுத்துக்கொண்ட விதியை வழுவாமல் பின்பற்றியதன் விளைவு. அந்த விதியைக் கண்டுபிடித்து, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளுள் ஒரு கட்டைப் பிரித்துக் காட்டி, ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் நான்கு கட்டும் பன்னிரண்டு குச்சியுமாவதை அப்பிள்ளையின் கையாலேயே செய்விப்பவர்தான் புதுமையான கணித ஆசிரியர். குச்சிக்கும் ரப்பர் வளையத்துக்கும் ஆகும் செலவு அற்பம். முப்பது நோட்டுகளில் எந்த 35 எந்த விதியால் வந்தது என்று பார்க்கவும், அதைப் பக்கத்து ஊர் ஆசிரியரோடு பேசவும் வேண்டிய நேரம்தான் விலை உயர்ந்தது. ஆண்டுதோறும் பெட்டி பெட்டியாகக் கற்றல் உபகரணம் வாங்கிக் குவிக்கும் நிதி ஒதுக்கீடு அந்த நேரத்துக்கு ஒரு காசும் தருவதில்லை. தணிக்கையில் பெட்டியைக் காட்டலாம், பேச்சைக் காட்ட முடியாது என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பிள்ளைகள் தாங்களே வகுத்துக்கொள்ளும் கணக்கு வழிகள் பொருட்படுத்தத்தக்கவை என்பதற்குச் சான்றும் உண்டு. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவோரம் விற்பனை செய்த ஐந்து பிள்ளைகளைக் கொண்டு கராஹேர், ஷ்லீமான் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு, சந்தையில் 98 விழுக்காடு சரியாக வந்த கணக்குகள், வெறும் எண்களாகத் தாளில் தரப்பட்டபோது 37 விழுக்காடே சரியாக வந்தன என்று காட்டியது. பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தில் கடைபோடும் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் திருவண்ணாமலைக்கு இந்த ஆய்வு அந்நியமானதன்று. கணிதம் கற்பித்தல் பற்றி 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காக ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு அளித்த அறிக்கையும் ஆசிரியர் ஆயத்தத்தின் போதாமையை அடிப்படைக் குறைகளுள் ஒன்றாக எண்ணியது.

இக்குறையைச் சட்டத்தின் வழியே எதிர்கொண்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 2022இல் இயற்றிய எண்ணறிவுச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிகளுக்குக் கணிதப் பயிற்றுநர்களை அமர்த்த வகைசெய்கிறது. 2024ஆம் ஆண்டு தேசிய மதிப்பீட்டில், நான்காம் வகுப்புக் கணிதத்தில் 2019ஆம் ஆண்டு நிலையைக் கடந்த ஒரே மாநிலம் அலபாமாதான். இதற்குச் சட்டம் ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. எனினும் அங்குப் பணியிடம் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. இங்கு அதே பணிக்கென வட்டார வள மையங்களில் உள்ள ஆசிரியர் பயிற்றுநர்களோ, புள்ளிவிவரம் திரட்டுவதிலேயே பெரும்பொழுதைக் கழிக்க நேர்கிறது.

கணிதக் கற்பித்தலுக்கான நிதியை உறுதிசெய்யும் இத்தகைய சட்டத்துக்கு முன்மாதிரி தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. 1920ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்கவும், அதற்கு ஈடாக அரசு தன் பங்கைச் செலுத்தவும் வகைசெய்தது. நகர்ப்புறச் சொத்து வரியில் கல்வி வரி இன்றும் ஒரு கூறாக நீடிக்கிறது. அது பெரும்பாலும் கட்டடத்துக்கும் பராமரிப்புக்குமே போகிறது. இரண்டாவது முன்மாதிரி 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம். அதற்கு வழிவகுத்த எஸ்.ஆர். அரங்கநாதன், நூலகராவதற்கு முன் மங்களூர், கோயம்புத்தூர், சென்னைக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்கு என்ற இன்றைய ஏற்பாடு அந்தச் சட்டத்தின் வழிவந்ததே.

ஆனால் சொத்து வரியை நம்பும் எந்தச் சட்டமும் இடத்துக்கிடம் வேறுபடும் வரிவளத்தை எதிர்கொண்டாக வேண்டும். திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமப் பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பொது வழிபாட்டிடங்களுக்கும் வாடகை பெறாத சத்திரங்களுக்கும் சொத்து வரி விலக்கு உண்டு. அவற்றை அடுத்தே தங்கும் விடுதிகளும் அடுக்ககங்களும் பெருகி வரிவளத்தைக் கூட்டுகின்றன. ஆன்மிக நாட்டத்தோடு வந்து தங்கியவர்களின் நன்கொடையும் உழைப்பும் கல்விச் சோதனைகளுக்கும் துணைநிற்கின்றன. கணத்தம்பூண்டியின் மருதம் பண்ணைப் பள்ளி போன்ற மாற்றுக் கல்வி முயற்சிகள் இந்த வட்டாரத்தில்தான் அமைந்தன. அதே மாவட்டத்தின் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் வட்டத்துப் பழங்குடிப் பள்ளிகளுக்கு அத்தகைய வரிவளமும் இல்லை, வந்து தங்கும் புரவலர்களும் இல்லை. மலையைச் சுற்றி வருவோரின் ஈகை அடிவாரத்தோடு நின்றுவிடுவது இயல்பு. அதைக் குறை சொல்வதற்கில்லை, அதை நம்பிக் கொள்கை வகுப்பதுதான் தவறு. 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியான பின் கூடும் வரி நகருக்குள்ளேயே சுழல்வதைத் தவிர்க்க, வரி குறைந்த ஒன்றியங்களுக்கு அரசின் பங்கு கூடுதலாக அமையும் சமன்செய் விதி சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். 1920இல் இருந்த சரிபாதி ஏற்பாடு அப்படியே திரும்பினால், உள்ளவனுக்கே மேலும் கிடைக்கும்.

தண்டிய நூலக வரியையே உள்ளாட்சிகள் உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவிடம் செலுத்தாமல் நிலுவை வைக்கும்போது, கணிதத்துக்கென ஒரு வரி மட்டும் போய்ச் சேருமா என்ற ஐயம் நியாயமானது. வரி கட்டப்படும்போதே அப்பங்கு தனிக் கணக்கில் பிரிந்து சேருமாறு செய்வது, பெரும்பாலும் கணினி வழி வசூல் நடக்கும் இக்காலத்தில் அரிதன்று. அக்கணக்கிலிருந்து செலவிடத்தக்கவை ஆசிரியர்களின் மாதாந்தரக் கலந்துரையாடல் நாள், பயிற்றுநர் ஊதியம், பள்ளி மேலாண்மைக் குழு ஒப்புதலோடு வகுப்பறையில் செய்யப்படும் சிறு சோதனைகள் ஆகியவை மட்டுமே என்றும், பொருள் கொள்முதலுக்கு உச்சவரம்பு உண்டு என்றும் சட்டம் வரையறுக்கலாம். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்ந்த பிற பணிகளில் ஈடுபடுத்தத் தடை விதிப்பதுபோல், இப்பயிற்றுநர்களுக்கும் ஒரு காப்புப் பிரிவு வேண்டும். கல்வி 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குச் சென்றுவிட்டது. ஆனால் நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் வரி விதிக்கும் அதிகாரம் மாநிலப் பட்டியலின் 49ஆம் இனமாக இன்றும் சட்டமன்றத்திடமே உள்ளது. அவ்வதிகாரத்தின் கீழ்த் திரட்டப்படும் பணம் மாநிலத்துக்குள்ளேயே தொடங்கி மாநிலத்துக்குள்ளேயே பங்கிடப்படும். அதை விடுவிக்க எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டியதில்லை.