டென்னிசனின் அன்னமும் கம்பனின் அன்னமும்

கிழக்குத் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-ஆம் ஆண்டில்தான் அங்கு இடம் மாறியது. அதற்கு முன் அது ஜார்ஜ் டவுனில் இருந்தது. அந்தப் பழைய கல்லூரியின் வகுப்பறையில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது.

முதல்வர் வில்லியம் மில்லர் ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் கவிதையை நடத்திக்கொண்டிருந்தார். ஆர்தர் மன்னனை ஏற்றிச் செல்லும் படகு அன்னத்துக்கு ஒப்பிடப்படும் இடம் வந்தது. இத்தகைய உவமை தமிழில் உண்டா என்று மில்லர் கேட்டார். மாணவர் சூரியநாராயணர் எழுந்து, கம்பராமாயணத்தில் குகனின் ஓடம் அன்னநடையில் கங்கையைக் கடக்கும் பாடலைச் சொல்லி விளக்கினாராம்.

ஆங்கிலத்தில் 'சிமிலி' என்பது நம் உவமையணி. 'லைக்', 'ஆஸ்' என்ற சொற்கள் 'போல' என்னும் உவம உருபின் வேலையைச் செய்கின்றன. 'படகு அன்னம் போல் சென்றது' என்றால் சிமிலி. 'போல' என்பதை நீக்கிப் படகையே அன்னம் என்று சொன்னால் 'மெட்டஃபர்', அதாவது உருவகம். 12-ஆம் நூற்றாண்டுத் தண்டியலங்காரம் இவ்விரண்டுக்கும் இலக்கணம் கூறியிருக்கிறது. எனவே தமிழ் மாணவருக்கு ஆங்கில அணிகள் புதியவை அல்ல, பெயர்களே புதியவை.

அந்த மாணவர் பின்னர் அதே கல்லூரியில் தமிழ் ஆசிரியரானார். அவரே பரிதிமாற் கலைஞர். 1902-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்க முயற்சி நடந்தபோது அதை எதிர்த்துப் போராடினார். மறு ஆண்டே, 33-ஆம் வயதில் காலமானார். அவர் வலியுறுத்திய செம்மொழித் தகுதியை மத்திய அரசு தமிழுக்கு அறிவித்தது 2004-இல்.