நாட்குறிப்பு எழுதுதல்

அன்றாட நிகழ்வுகளையும் மன உணர்வுகளையும் தேதியிட்டு எழுதிவரும் பழக்கம். தமிழில் இதற்குப் புகழ்பெற்ற சான்று, புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. அரசியல், வணிகச் செய்திகளுடன் தம் மனக்கவலைகளையும் அவர் அதில் பதிந்துள்ளார்.

மனநலப் பயன்: அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினர். துயர நிகழ்வையும் அதன் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த 6 மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே சென்றனர். பிந்தைய ஆய்வுகளில் பயன் பெரும்பாலும் சிறிய அளவிலேயே தெரிந்தது.

முறை: சாதாரண நோட்டே போதும். பெரம்பலூரில் சின்ன வெங்காயம் பயிரிடுபவர் வரவு செலவு எழுதும் நோட்டிலேயே, “விலை இறங்கியது, கடன் நினைவில் தூக்கமில்லை, நாளை அண்ணனிடம் பேச வேண்டும்” என்று எழுதலாம். அரியலூர் சிமென்ட் ஆலைத் தொழிலாளி ஷிப்ட் முடிந்ததும் எழுதலாம். நடந்தது, உணர்ந்தது, அடுத்துச் செய்வது ஆகிய மூன்றும் இடம்பெறுவது நல்லது, எழுத்துப்பிழை பொருட்டல்ல.

எச்சரிக்கை: எழுத எழுத மனம் கனத்தால் நிறுத்திவிட வேண்டும். நாட்குறிப்பு சிகிச்சைக்கு மாற்றாகாது. நீடித்த மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ, 24 மணி நேரமும் இயங்கும் ‘டெலி மானஸ்’ கட்டணமில்லா எண் 14416ஐயோ தயங்காமல் நாட வேண்டும்.