50 நானோவாட்

2009இல் வந்த நோக்கியா என்900 போனுக்குள்ள ஒரு குட்டி எஃப்.எம். ஒலிபரப்பி இருந்தது. போனில் பாட்டைப் போட்டால் பழைய காரின் றேடியோவில் கேட்கும். ஐரோப்பிய விதிப்படி அதற்கு அனுமதித்த வலு வெறும் 50 நானோவாட். ஒரு கிலோவாட் நிலையம் அதைவிட 2,000 கோடி மடங்கு பெரிசு! கொஞ்சம் தள்ளிப் போனாலே இரைச்சல்தான்.

அதில் ஓடினது லினக்ஸ் வழிவந்த மேமோ. அதனால் பாவனையாளர்கள் உள்ளே புகுந்து, சிப்பின் வலுவைக் கட்டளை போட்டுக் கூட்டினார்கள். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற நிலையத்தை எங்கட பாட்டு மூடக்கூடாது, அது நியாயம்தான்.

ஆனால் இன்றைய போன்களில் ஒலிபரப்பியும் இல்லை, உள்ளே புகும் வழியும் குறைவு. வானலைக்கு எல்லை வேணும். காசு குடுத்து வாங்கின பொருளைத் திறந்து பார்க்கிற உரிமையும் எங்களுக்கு வேணும்.