ஊசி பார்த்த மலை, கணக்குப் போட்ட வீடுகள்

குமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம் வட்டம் அகத்தியரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் உறைவதாக மக்கள் நம்பும் பொதிகை உச்சி, வடக்கே 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மழையும் அட்டையும் யானையும் உள்ள அந்த மலையில் 1855இல் ஓர் அறிவியல் ஆய்வுக்கூடம் எழுந்தது. காந்த ஊசியும் காற்றழுத்தமானியும் அங்கே சுமந்து செல்லப்பட்டன.

தாய்க்கூடம் திருவனந்தபுரத்தில் இருந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல் கட்டப்பட்டது. முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட், ஆலப்புழையில் வணிக முகவராக இருந்தபடியே வானியல் பழகியவர். இன்றைய குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு பருவங்களிலும் விளைந்த நெல்லுக்கு வரி வாங்கிய அதே கருவூலம்தான் இந்த ஆய்வுக்கும் படியளந்தது. இதை நம் ஊர் வரலாற்றில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் காஸ், வேபர் என்ற இருவர் அப்போது ஒரு புது வழக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். பூமியின் காந்தம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதை ஓரிடத்தில் இருந்துகொண்டு அறிய முடியாது. எனவே, குறித்த நாட்களில் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் ஒரே நேரத்தில் ஊசியைப் பார்க்க வேண்டும். 24 மணி நேரமும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. எந்த ஊராக இருந்தாலும் நேரக் கணக்கு கோட்டிங்கன் கடிகாரத்தின்படி! தொடர்ந்து பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளிலும் இத்தகைய கூடங்கள் பெருகின. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததால் திருவனந்தபுரத்தின் அளவீடுகளுக்குத் தனி மதிப்பு இருந்தது.

1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், அதற்கு முன் ஸ்காட்லாந்தின் மேக்கர்ஸ்டவுனில் இதே வேலையைச் செய்தவர். பொதிகைக்கு ஏறியதும் அவர்தான். உள்ளூர் உதவியாளர்கள் இரவும் பகலும் முறைவைத்து, மணிக்கு மணி ஊசியைப் பார்த்து எழுதினார்கள். கண்விழித்த அந்தக் கைகள் இல்லாமல் அவருடைய ஆய்வு இல்லை. ஓர் ஊரின் எண்களை இன்னோர் ஊரின் எண்களுக்கு எதிரே வைத்துப் பார்த்தபோதுதான், பூமியின் காந்த வலு ஒரே நாளில் உலகம் முழுவதும் சேர்ந்தே ஏறி இறங்குவது பிரௌனுக்குப் புலப்பட்டது. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு இணைந்த 26 நாள் ஒழுங்கும் அதில் இருந்தது.

எண்கள் குவிந்துகொண்டே போயின, கணக்குதான் முடியவில்லை. கம்ப்யூட்டர் என்ற சொல் அன்று மனிதரைக் குறித்தது: உட்கார்ந்து கூட்டிக் கழித்துச் சராசரி போடுகிறவர். பிரௌன் 1865இல் ஊர் திரும்பினார். முதல் தொகுதி அச்சானது 1874இல். எஞ்சியவற்றோடு போராடியபடியே 1879இல் மறைந்தார். பார்க்க ஆள் கிடைத்தது, கணக்குப் போட ஆள் போதவில்லை.

நூறாண்டு கழித்து வானொலி வானியலாளர்களுக்கும் இதே முட்டுக்கட்டை. புவேர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோவில் 305 மீட்டர் அகலத் தட்டு விண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் வேற்றுலகக் குறிகை ஏதேனும் உண்டா என்று துழாவத் தேவையான கணினிகளை வாங்கப் பணமில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் வீடுகளைக் கேட்டார்கள். 1999 மே 17 அன்று 'செட்டி அட் ஹோம்' வெளியானது. வீட்டுக்காரர் எழுந்து போனதும் திரைக்காப்பாக விழித்துக்கொள்ளும் நிரல் அது. சுமார் 107 நொடிப் பதிவு கொண்ட ஒரு பொட்டலத்தை இறக்கிக்கொண்டு, மணிக்கணக்கில் அலசி, விடையைத் திருப்பி அனுப்பும். பொட்டலத்தை வாங்க ஒருமுறை, விடை சொல்ல ஒருமுறை இணையம் இருந்தால் போதும். தொலைபேசிக் கம்பி வழி இணையத்துக்கு மணிக்கணக்கில் காசு போன அந்நாளில் இது பெரிய சலுகை. ஊர், கல்லூரி, நாடு என்று அணி சேர்ந்து, எந்த அணி அதிகம் முடித்தது என்று போட்டியும் போட்டார்கள். மொத்தத்தில் கைகொடுத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

வேற்றுலகவாசி அகப்படவில்லை. ஆனால் இந்த முறை பலன் தரும் என்பதற்குச் சான்று வேறிடத்தில் கிடைத்தது. 2005இல் தொடங்கிய 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' திட்டம், அரேசிபோ பதிவுகளிலிருந்தே நொடிக்கு 41 முறை சுழலும் ஒரு துடிப்பு விண்மீனை 2010இல் கண்டெடுத்தது. ஒரே பொட்டலத்தை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒத்துப்பார்ப்பது அங்கே வழக்கம். எனவே கண்டுபிடிப்பின் பெருமை அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதிக்கும் ஜெர்மனியின் மைன்ஸில் ஒருவருக்கும் சேர்ந்து போனது. அறிவியல் இதழ்க் கட்டுரையில் அவர்களுடைய பெயரும் இருக்கிறது. பொதிகையில் கண்விழித்தவர்களை எண்ணும்போது இந்த மரியாதை மனதைத் தொடுகிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கில் உலகம் முடங்கியபோது, புரதங்களின் மடிப்பைக் கணிக்கும் 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டத்துக்கு மக்கள் திரண்டார்கள். கொரோனா வைரஸின் புரதங்களைக் கணித்த அந்தக் கூட்டுக் கணினி, நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குகள் என்ற அளவைத் தாண்டியது. அன்று உலகில் எந்தத் தனி மீக்கணினியும் அந்த வேகத்தை எட்டியிருக்கவில்லை.

அதே மார்ச் 31ஆம் தேதி செட்டி அட் ஹோம் புதுப் பொட்டலங்கள் அனுப்புவதை நிறுத்தியது. வீடுகளிலிருந்து வந்து சேர்ந்திருந்த குறிகைகள் சுமார் 1,200 கோடி. அவற்றைச் சலித்தெடுக்கும் வேலை பெர்க்லியில் தொடர்ந்தது, ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அரேசிபோ தொலைநோக்கியே 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. கடைசியில் மிஞ்சியவை ஏறத்தாழ 100. குறிகை வந்த அந்தத் திசைகளைச் சீனாவின் 500 மீட்டர் தட்டான ஃபாஸ்ட், 2025 முதல் மறுபடியும் கேட்டு வருகிறது.