சம்மதமும் சம்பளமும்: நட்சத்திர ஆட்டக்காரரின் மாற்றத்தடை உரிமை குறித்து

ஓர் ஆட்டக்காரரை வேறு அணிக்கு மாற்றும் உரிமை அணி உடைமையாளரின் கையில் இருந்தாலும் சரி, ஆட்டக்காரரின் கையிலேயே இருந்தாலும் சரி, முடிவில் அவர் போய்ச் சேரும் இடம் ஒன்றே. அவருடைய ஆட்டத்துக்கு எங்கே மதிப்பு மிகுதியோ அங்கேதான் அவர் ஆடுவார். பணம் யாரிடம் சேர்கிறது என்பது ஒன்றே வேறுபடும் என்று 1956ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் ஊழியச் சந்தையை ஆராய்ந்த சைமன் ராட்டன்பர்க் நிலைநாட்டிய அபிப்பிராயம், இத்துறையில் இன்றளவும் அசையாத ஸ்தானம் வகித்து வருகிறது. தம் சம்மதமின்றித் தம்மை வேறு அணிக்கு மாற்றலாகாது என்னும் மாற்றத்தடை விதியை நட்சத்திர ஆட்டக்காரர்கள் தம் ஒப்பந்தத்தில் கேட்டுப் பெற வேண்டுமா என்ற வினாவுக்கு அவர் வழிநின்று விடை கூறினால், அது வெறும் பங்குப் பிரச்சினையாகச் சுருங்கிவிடும். அவருடைய வாதத்தின் கூர்மையை நான் மதிக்கிறேன். ஆயினும் ஐபிஎல் கிரிக்கெட்டின் அனுபவத்தை வைத்து நோக்குமிடத்து, அவ்வாதம் தான் தாங்கக்கூடிய பாரத்துக்கு மேல் சுமத்தப்பட்டிருக்கிறது என்றே தோன்றுகிறது.

ராட்டன்பர்க்கின் வாதம் இரண்டு அனுமானங்களின்மேல் நிற்கிறது. முதலாவது, உடைமையாளரிடையே பணம் தடையின்றிப் பாயும் என்பது. 2025ஆம் ஆண்டுப் பருவத்துக்கான ஏலத்தில் ஒவ்வோர் அணியும் 120 கோடி ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது என்று எல்லை வகுத்திருந்த ஐபிஎல்லில் இந்த அனுமானம் பொருந்தாது. இரண்டாவது, ஆட்டக்காரரின் மதிப்பு அவரோடு ஊர்விட்டு ஊர் பெயர்ந்து செல்லும் என்பது. நான் முரண்படுவது பெரிதும் இங்கேதான். சென்னை அணிக்கு நெடுங்காலம் ஆடிய ரவீந்திர ஜடேஜாவின் இடக்கைச் சுழலும் களத்தடுப்பும் எந்த ஊருக்கும் உடன்செல்லும். ஆனால் 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் அவர் அடித்த ஆறும் நான்கும் சென்னை ரசிகரின் நெஞ்சில் ஈட்டிய பற்றைப் பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்துச் செல்ல இயலாது. பல ஆண்டுகள் ஓரிடத்தில் ஆடியதால் விளைந்த அந்த மதிப்பு, இடம் மாறிய கணத்தில் எவருக்கும் சேராமல் கரைந்துபோகிறது. பங்கு போட எஞ்சாத ஒன்றை யார் பங்கு என்று கேட்பது பொருந்துமா?

அச்சன்புதூரிலிருந்து இதை எழுதும் எனக்குச் சென்னை அணி அந்நியமன்று. 2008இல் 9.1 கோடி டாலருக்கு அவ்வணியை வாங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், 2019 வரை எங்கள் ஊரும் அடங்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்தின் தாழையூத்தில் வேர்விட்ட நிறுவனம். அந்த முதல் ஆண்டில் டெண்டுல்கர், கங்குலி, திராவிட், யுவராஜ், சேவாக் ஆகிய ஐவர், ‘ஐகான்’ என்ற பெயரால் ஏலத்துக்கு வராமலே தம் ஊர் அணிகளுக்கு உரியவராயினர். அணியில் தமக்கு அடுத்தபடியாக மிகுதியாகப் பெறுபவரைவிட 15 விழுக்காடு கூடுதல் ஊதியமும் அவர்களுக்குக் கிடைத்தது. மாற்றத்தடை என்று பெயரிடாவிட்டாலும் நம் நாட்டில் அதற்கு மிக அருகே வந்த ஏற்பாடு இதுவே. மூன்று பருவங்களுக்குப்பின் அது மறைந்ததும் திராவிட் ராஜஸ்தானுக்கும், யுவராஜும் கங்குலியும் புணேவுக்கும் போயினர். ஐகான் எவரும் இல்லாத சென்னையோ 15 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்த தோனியைத் தன்னுடையவராகவே ஆக்கிக்கொண்டது. ஏட்டில் எழுதிய பந்தம் அறுந்தது, எழுதாத பந்தம் நிலைத்தது. மாற்றத்தடையைக் கேட்டுப் பெற வேண்டும் என்ற என் கட்சிக்கு இது எதிரான சாட்சி என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தோனிக்கு வாய்த்த செல்வாக்கு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

2009இல் ஜாகீர் கானும் ராபின் உத்தப்பாவும் அணி மாறிக்கொண்டது முதல் ‘டிரேட்’ நமக்குப் பழகிய சொல்லாயிற்று. ஆட்டக்காரரின் சம்மதமின்றி அவரை மாற்றலாகாது என்பது விதி. ஆதலால் ஐபிஎல்லில் ஒவ்வொருவரும் மாற்றத்தடை உரிமை பெற்றவரே என்று வாதிப்பாரும் உளர். அவ்வாதத்தைச் சோதிக்க, 2025 நவம்பர் 15 அன்று வெளியான ஐபிஎல் அறிக்கையின் ஒரே ஒரு வாக்கியத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். பன்னிரண்டு பருவங்கள் சென்னைக்கு ஆடிய ஜடேஜா ராஜஸ்தானுக்குச் செல்வதன் பகுதியாக, அவருடைய ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாக மாற்றியமைக்கப்பட்டுள்ளது என்பது அதன் சாரம். அவருடன் சென்ற சாம் கரணுக்கு அதே 2.4 கோடி, எதிரே வந்த சஞ்சு சாம்சனுக்கு அதே 18 கோடி. மூவரில் ஒருவருக்கு மட்டுமே தொகை மாறிற்று.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 20.4 கோடிச் சுமையை இறக்கி 18 கோடியை ஏற்ற சென்னைக்கு மிச்சம் 2.4 கோடி, 18 கோடியை இறக்கி 16.4 கோடியை ஏற்ற ராஜஸ்தானுக்கு மிச்சம் 1.6 கோடி. இரண்டையும் கூட்டினால் நான்கு கோடி. ஓர் ஆட்டக்காரரின் ஊதியத்தில் குறைந்ததும் அதே நான்கு கோடி. சம்மதவுரிமை அவரிடமே இருந்தும் பணம் அவரைவிட்டு இரு உடைமையாளரிடமும் சென்றிருக்கிறது. ராட்டன்பர்க்கின் சூத்திரப்படி உரிமையைக் கையில் வைத்திருப்பவர் பக்கம் பாய வேண்டிய பணம் எதிர்த்திசையில் பாய்ந்தது ஏன்?

‘மாற்றியமைக்கப்பட்டுள்ளது’ என்பது செயப்பாட்டு வினை. மாற்றியவர் யார் என்பதை வாக்கியம் கூறவில்லை. நம் கல்வெட்டுகளின் விலையாவணங்களில் விற்பவரும் கொள்பவரும் தம்முள் இசைந்த விலை இது என்று எழுவாயோடு பொறிப்பது வழக்கம். அங்கே விற்கப்படும் நிலம் பேசாது. இங்கோ மாற்றப்படுபவர் பேசக்கூடியவர். அவர் குரலே ஆவணத்தில் இல்லை. 2008இல் தாம் முதன்முதலாக ஆடி வாகை சூடிய அணிக்கே திரும்புவதன் நிமித்தம் அவர் மனமுவந்து நான்கு கோடியை விட்டிருக்கவும் கூடும். அதனினும் வலுவாக எனக்குப் படுவது வேறொன்று: சம்மதிக்க மறுத்தாலும் அணி அவரை விடுவித்து ஏலத்துக்கு அனுப்பலாம், அதற்குச் சம்மதம் வேண்டியதில்லை என்ற நிலையில், மறுக்கும் உரிமை பாதி உரிமையே. சான்று மெலிது என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

அமெரிக்கப் பேஸ்பாலில் இவ்வுரிமை பிறந்த கதை வேறு. 1969இல், செயின்ட் லூயிஸ் அணிக்குப் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கர்ட் ஃபிளட், தம்மைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்து வழக்காடி, 1972இல் உச்சநீதிமன்றத்தில் ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் தோற்றார். மறு ஆண்டிலேயே, பத்தாண்டுகள் ஆடி அவற்றுள் கடைசி ஐந்தாண்டுகள் ஒரே அணியில் கழித்தவரை அவர் சம்மதமின்றி மாற்றலாகாது என்ற விதி பேஸ்பாலில் பிறந்தது. 2018 முதல் இடைவிடாது சென்னைக்கு ஆடிய ஜடேஜா அந்த அளவுகோலுக்குள் எளிதாக அடங்குவார். அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டத்தின் சூத்திரதாரியான குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சன், ஹூஸ்டன் ஒப்பந்தத்தில் தமக்கிருந்த மாற்றத்தடையை 2022இல் தளர்த்தி, கிளீவ்லாந்திடம் 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்துடன் பெற்றார். அவருடைய சம்மதத்துக்கு விலை ஏறிற்று, இங்கே இறங்கிற்று. ஆதலால் நம் நட்சத்திரங்கள் கேட்க வேண்டியது வெறும் தடையன்று. விடுவிப்புக்கும் ஊதியக் குறைப்புக்கும் எதிரான காப்பையும் உடன்கொண்ட தடை. அவ்விதி அணியின் கையைக் கட்டும், இளம் ஆட்டக்காரருக்கு எஞ்சும் தொகையையும் குறைக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதனால்தான் எல்லாருக்கும் என்னாமல், நெடுங்காலம் ஓரிடத்தில் ஆடியவருக்கு என்று வரையறுக்கிறேன்.

ஒன்று தெளியாமலே நிற்கிறது. சம்மதம் முந்தியதா, 14 கோடி முந்தியதா? அறிக்கையில் உள்ள தேதி, அது வெளியான நாளைக் குறிப்பது. அவர் கையொப்பமிட்ட நாளையன்று.