முடியும்போது வரும்

ஒரு கேமுக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பது நமக்குப் பழகிவிட்டது. ஜிடிஏ 5 வந்தது 2013இல். அடுத்த பாகத்துக்குப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ‘ஏன்டா இவ்வளவு நேரம்?’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு டியூக் நியூகம் ஃபாரெவர் ஞாபகம் வரும்.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் கார்லண்ட் நகரில் இருந்த 3டி ரெல்ம்ஸ் நிறுவனத்துக்கு 1996இல் டியூக் நியூகம் 3டி பெரிய வெற்றி. 1997 ஏப்ரலில் அடுத்த பாகத்தை அறிவித்தார்கள். 1998இல் வந்துவிடும் என்பது கணக்கு. கையில் சொந்தக் காசு இருந்ததால், ‘எப்போ முடிப்பீங்க?’ என்று மேலே நின்று கேட்க ஆள் இல்லை. எப்போது வரும் என்று ரசிகர்கள் கேட்டால், ‘முடியும்போது வரும்’ என்பதுதான் பதில்.

எஞ்சின் என்பது கேமின் அஸ்திவாரம். காட்சி, வெளிச்சம், அசைவு எல்லாம் அதன்மேல்தான் நிற்கும். முதலில் குவேக் 2 எஞ்சினை வாங்கினார்கள். 1998 ஜூனில் அதை விட்டு அன்ரியலுக்கு மாறினார்கள். சுவர் எழுப்பியபின் அஸ்திவாரத்தை மாற்றுகிற வேலை இது. செய்ததில் பெரும்பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டும். செய்து முடிப்பதற்குள் வெளியே கிராபிக்ஸ் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும். ‘அதுவும் நம்ம கேம்ல வேணும்’ என்ற ஆசை வரும். மறுபடி முதலிலிருந்து.

2001இல் இ3 கண்காட்சிக்கு வந்த டிரெய்லரைப் பார்த்துக் கூட்டம் அசந்துபோனது. ஆனாலும் கேம் வரவில்லை. வராத பொருள்களைக் கிண்டலடித்துப் பட்டியல் போட்டுவந்த வயர்டு பத்திரிகை, 2003இல் இதற்கு வாழ்நாள் சாதனையாளர் விருதே கொடுத்துவிட்டது.

நமக்கு அது சிரிப்பு. உள்ளே இருந்தவர்களுக்கு அது வயசு. 2003இல் இந்தக் கேமில் வேலை பார்த்தவர்கள் வெறும் 18 பேர். இந்தத் துறையில் வெளிவந்த கேம்தான் ஒருவருக்குச் சான்றிதழ். இருபத்துச் சொச்சத்தில் சேர்ந்தவர் முப்பதைத் தாண்டியும், காட்ட ஒன்றும் இல்லாமல் நின்றார். 2009 மே மாதம் காசு தீர்ந்தது. மொத்த அணியையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் வேலை இழந்தவர்களில் சிலர் டிரிப்டிக் என்ற பெயரில் சேர்ந்து, வீட்டிலிருந்தபடியே கேமைத் தொடர்ந்தார்கள். 2010இல் கியர்பாக்ஸ் நிறுவனம் கேமைக் கையில் எடுத்தது. 2011 ஜூனில், அறிவித்துப் பதினாலு வருஷம் கழித்து, கேம் கடைக்கு வந்தது.

பழைய சரக்கு என்று விமர்சகர்கள் கிழித்தார்கள். விளையாடிப் பார்த்தால் மறுக்க முடியாது. ஆனால் அது வந்ததே, வேலை போன பிறகும் அதை விடாத அந்தச் சிலரால்தான். கேம் தள்ளிப்போகிறது என்று செய்தி வந்தால் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. தள்ளிப்போகவாவது அவர்களிடம் ஒரு தேதி இருக்கிறதே!