ஐந்து கிலோ குறைந்த மூட்டை

போன வாரம் சென்னையிலிருந்து தங்கச்சி மகன் வந்திருந்தான். "அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட்டைப் பாருங்க மாமா, வருஷத்துக்கு வருஷம் சுருங்குது. ஒரு வார்த்தை சொல்லிட்டா குறைக்கிறானுங்க?" என்று புலம்பினான். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்க யூரியா மூட்டை கதையை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

எனக்கு ஒன்பது மா நிலம். மா என்றால் 33 சென்ட், மூணு மா ஒரு ஏக்கர். மேலுரம் போடுறதுக்கு எங்க கணக்கு ரொம்ப சுலபம்: ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா. கிலோ கணக்கெல்லாம் யாரும் பார்க்க மாட்டோம். 1960 வாக்கில் தீவிர விவசாயத் திட்டம் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு வந்தப்போ, கிராம சேவக் வரப்பில் நின்று மூட்டைக் கணக்கில்தான் சொல்லிக் கொடுத்தார் என்று அப்பா சொல்லுவார். அப்படியே பழகிட்டோம். மூட்டை என்றால் 50 கிலோ. அதை யாரும் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை.

2018 சம்பா. அந்த வருஷம் மேட்டூர் ஜூலை 19ல்தான் திறந்தாங்க, குறுவை கிடையாது. ஐப்பசியில் முதல் மேலுரத்துக்கு மூணு மூட்டை யூரியாவைக் கடனுக்கு எடுத்து வந்தேன். டிஏபி, பொட்டாஷ், பூச்சிமருந்து எல்லாம் சேர்த்து ஒரே சீட்டு. மொத்தத் தொகையைத்தான் பார்த்தேன். உரம் இறைக்க வருகிற பெரியவர் இருபது வருஷமா எங்க வயலுக்கு வருகிறவர். அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீசினால், எந்த வரப்பில் எந்த மூட்டை தீரும் என்று கண்ணை மூடிச் சொல்லுவார்.

அன்றைக்கு எட்டாவது மா தாண்டியதும் உரம் தீர்ந்துபோச்சு. கடைசி மா கிட்டத்தட்ட முழுசா பாக்கி.

"மூட்டை சரியில்ல தம்பி" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மூட்டை சரியாத்தான் இருக்கும், கை சரியா இருந்துச்சா?" என்று கேட்டுட்டேன். அவர் ஒண்ணும் பேசலை. கூடையை வாய்க்காலில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கூலியைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் காலிச் சாக்கை மடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. நிகர எடை 45 கிலோ. அதே கலர், அதே தையல். மூணு மூட்டைக்கு 15 கிலோ, அதாவது ஒரு மாவுக்குப் போடுகிற உரம்.

கடைக்காரரிடம் கேட்டால், "மார்ச் மாசமே மாறிடுச்சே, உங்களுக்குத் தெரியாதா?" என்கிறார். ஆமாம், 2018 மார்ச் 1 முதல் யூரியா மூட்டை 45 கிலோ என்று மத்திய அரசு மாற்றியிருக்கு. பழைய சரக்கு தீரும் வரை 50 கிலோ மூட்டையும் ஓடியிருக்கு. விலையில் ஏமாற்று கிடையாது, அதையும் சொல்லணும். மூட்டைக்கு 266 ரூபா 50 காசு, எடை குறைஞ்ச அளவுக்கு விலையும் குறைவுதான். ஆனால் அவங்க போட்ட கணக்கு வேற. விவசாயி மூட்டையைத்தான் எண்ணுவான், மூட்டையைச் சின்னதாக்கினால் தன்னால 10 சதவீதம் குறைச்சுப் போடுவான் என்பது யோசனை. யூரியா அதிகமானால் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும் என்பது எனக்கும் தெரியும். குறைச்சுப் போடு என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். அந்தச் சேதி எங்க ஊருக்கு வரவே இல்லை.

இத்தனைக்கும் ஜனங்க இவ்வளவு யூரியாவுக்குப் போனதே இன்னொரு மாற்றத்தால்தான். 1991 பட்ஜெட்டில் உர விலையை 40 சதவீதம் ஏற்றினாங்க. கூச்சல் கிளம்பினதும் 30 ஆக்கினாங்க. அடுத்த வருஷம் ஆகஸ்டில் டிஏபி, பொட்டாஷ் விலைக்கட்டுப்பாட்டை எடுத்துட்டு, யூரியா விலையை மட்டும் 10 சதவீதம் குறைச்சாங்க. எது மலிவோ அதைத்தானே வாங்குவோம்? மண்ணைக் கெடுத்தது விவசாயி என்று பிற்பாடு பேச்சு வந்தது. 2021 ஏப்ரலில் 1200 ரூபா டிஏபி மூட்டை 1900 என்று அறிவிப்பு. மே மாசம் மானியத்தை மூட்டைக்கு 500லிருந்து 1200 ஆக்கினதும் பழைய விலைக்கே வந்தது. நடுவில் பயந்துபோய்க் கடன் வாங்கி மூட்டை சேர்த்தவங்க எங்க தெருவிலேயே உண்டு.

இப்போ கந்தகம் பூசின யூரியா வந்திருக்கு. அது 40 கிலோ, விலை அதே 266.50. டிஏபி மட்டும் இன்னும் 50.

பெரியவர் வீட்டுக்கு அந்த ராத்திரியே போனேன். காலிச் சாக்கையும் கூலியையும் எடுத்துக்கிட்டுத்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது. எண்ணைத் தொட்டுக் காட்டினேன். "நான்தான் சொன்னேனே" என்றார், அவ்வளவுதான். பத்து நாள் கழித்துத்தான் வேலைக்கு வந்தார்.

இன்றைக்கும் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னாடி என்னைப் பார்த்துக் கேட்பார்: "இப்ப எத்தனை கிலோ தம்பி?" நான் சத்தமா வாசிச்சுச் சொன்ன பிறகுதான் தையல் நூலை இழுப்பார்.